பட்டறையில் செய்த கிளாம்ப்புக்குப் பேட்டன்ட்: 'இது யாருக்கும் தோன்றியிருக்கும்' என்ற ஆட்சேபத்தைத் தாண்டியது எப்படி

போர்வெல் மோட்டாரை மேலே இழுக்கும்போது யூபிவிசி பைப்பைப் பிடித்து நிறுத்த ஒரு கிளாம்ப் செய்து, அதற்குக் காப்புரிமை கேட்டிருந்தேன். விண்ணப்பம் போடுவது சுலபம். தனிநபர் என்பதால் ஆன்லைனில் 1,600 ரூபாய், ஆய்வு கேட்கும் படிவம் 18-க்கு 4,000, அவ்வளவுதான் அரசுக் கட்டணம். காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை வந்த பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பித்தது.

கருவி புதிதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்தால் இது வந்துவிடும், துறை தெரிந்த யாருக்கும் தோன்றியிருக்கும் என்று ஒரே பத்தியில் முடித்துவிட்டார்கள். முதல் ஆவணம் எண்ணெய்க் கிணற்றில் இரும்புக் குழாயைப் பிடிக்கும் ஆப்பு: பாரம் ஏற ஏற இறுகும், உள்பக்கம் பல் இருக்கும். அந்தப் பல் யூபிவிசியில் பதிந்தால் கீறல் விழும், அடுத்த முறை பைப் அங்கேயே உடையும். இரண்டாவது ரப்பர் வைத்து போல்ட்டால் முடுக்கும் கிளாம்ப், ஈரப் பைப்பில் வழுக்கிவிடும். நான் பல்லை எடுத்துவிட்டு, ஆப்பின் உள்பக்கம் குறுக்கு வரிகள் வெட்டிய ரப்பரை வைத்தேன். பாரம் ஏறும்போது ரப்பர் அமுங்கி, தண்ணீர் அந்த வரிகள் வழியே பிதுங்கி வெளியே போய்விடும்.

பதில் கொடுக்க ஆறு மாதம் இருந்ததால் தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் ஒரு கருவியின் காப்புரிமை செல்லாது, அது வெறும் பட்டறை மேம்பாடுதான் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்னுடையதும் பட்டறைச் சரக்குதானே, படித்தபோது வயிற்றைக் கலக்கியது. அப்புறம் ரோச், சிப்லா என்ற இரண்டு மருந்து நிறுவனங்களுக்கு இடையிலான காப்புரிமை வழக்கில் 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு கிடைத்தது. துறை தெரிந்த அந்த ஆள் யார், அன்றைக்கு அவருக்கு என்ன தெரியும், பழையதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று படிப்படியாகப் பார்க்க வேண்டும், விடையைத் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து பார்த்துச் சொல்லக் கூடாது என்கிறது அது. என் பதிலை அதே வரிசையில்தான் எழுதினேன். ஈரப் பைப்பில் மூன்று வகையையும் வைத்து இழுத்துப் பார்த்த சோதனை முடிவுகளையும் இணைத்தேன்.

ஹியரிங் வீடியோவில் நடந்தது. "வரி வெட்டிய ரப்பர் டயரிலேயே இருக்கிறதே?" என்று கன்ட்ரோலர், அதாவது முடிவெடுக்கும் காப்புரிமை அதிகாரி, கேட்டார். நியாயமான கேள்வி. இருக்கிறது, ஆனால் ஈரத்தால் வழுக்கும் என்ற பிரச்சினையே இந்த இரண்டு ஆவணத்திலும் பேசப்படவில்லை, முதல் ஆவணத்தில் பிடிமானமே பல்லால்தான், அதைப் படித்தவர் பல்லை எடுக்கத் துணியமாட்டார் என்றேன். வரியின் ஆழத்தையும் ஆப்பின் சாய்வையும் முதல் கிளைமிலேயே (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம்) சேர்த்து எல்லையைச் சுருக்கச் சொன்னார். சுருக்கினோம், காப்புரிமை கிடைத்தது. அந்த அளவுகள் ஸ்பெசிபிகேஷனில், அதாவது விண்ணப்பத்தோடு கொடுத்த கருவியின் விவரணத்தில், முதலிலேயே இருந்ததால்தான் இது முடிந்தது. அதில் இல்லாததைப் பிறகு நுழைக்கக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 59 விடாது, அதனால் விண்ணப்பிக்கும்போதே எல்லா அளவையும் எழுதிவிடுங்கள்.

ஜெர்மனியிலும் சீனாவிலும் இதுபோன்ற சின்ன மேம்பாடுகளுக்கென்றே குறுகிய காலக் காப்புரிமை உண்டு, இங்கே இல்லை. அது வரும்போது வரட்டும். அதற்கு முன்னால், இரண்டு ஆவணங்களைச் சேர்த்து ஆட்சேபம் எழுதுபவர், அவற்றைச் சேர்க்க வேண்டும் என்று அன்றைக்கு ஒருவருக்கு ஏன் தோன்றியிருக்கும் என்ற காரணத்தையும் கட்டாயம் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவர வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாத பட்டறைக்காரர், அந்தக் காரணம் தெரிந்தால்தான் எதற்குப் பதில் சொல்வது என்று புரிந்துகொண்டு எழுத முடியும்.