அடிபடாத சிட்டு: சாட்ஸ்வொர்த் நாட்குறிப்பு

14 அக்டோபர் 2023, சனி

புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை. தம்பி வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டோம். ஒரு மாதமாக இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. கடைகளிலும் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு ஊற்றிய பன்னி சௌதான் ஓடியது. சாப்பாடு முடிந்ததும் அதே மேசையைத் துடைத்துவிட்டுப் பகடைகளைக் கொட்டினான் தம்பி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் புதுக் கதை தொடங்குகிறோம். எல்லோரும் முதல் லெவலில் இருந்து புதுப் பாத்திரம். நடத்துபவன் அவன். அவன் மனைவிக்குப் பூசாரி, பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் திருடன், தம்பி மகள் பாப்பாவுக்கு மந்திரக்காரி.

எனக்கு வேண்டியது ஒரு குட்டி வீராங்கனை. இடுப்பு உயரம்தான் இருக்க வேண்டும், கையில் வாள் இருக்க வேண்டும், எந்த அடியும் மேலே விழக்கூடாது. பெயர் சிட்டு.

கதையில் வரும் காப்ளின் என்ற குட்டிப் பூதங்களைப் பற்றித் தம்பி ஒன்று சொன்னான், அது இரவு முழுக்க மனதில் ஓடுகிறது. “அக்கா, காப்ளினுக்கும் மூளை உண்டு. உன்னை அடிக்க முடியவில்லை என்றால் உன்னைத் தாண்டிப் போய்ப் பாப்பாவை அடிக்கும்.”

16 அக்டோபர், திங்கள்

நேற்று இரவு ரக்பி உலகக் கோப்பையின் கால் இறுதி. பிரான்ஸை 29–28 என்று வென்றோம். தாமஸ் ராமோஸ் உதைக்க அடியெடுத்து வைத்ததுமே செஸ்லின் கோல்பி கோட்டிலிருந்து பாய்ந்து வந்து பந்தைத் தடுத்துவிட்டார். அந்த உதை உள்ளே போயிருந்தால் இரண்டு புள்ளி. நாம் வென்றது ஒரு புள்ளியில். எங்கள் தெருவே கத்தியது.

கோல்பியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிட்டுதான் நினைவுக்கு வருகிறாள். ஸ்பிரிங்பாக் அணியிலேயே குள்ளமானவர்களில் ஒருவர். பந்து அவர் கைக்குப் போனால் இரண்டு பேராவது அவரை நோக்கி வருவார்கள், பக்கத்தில் ஓடுகிறவருக்கு வழி திறக்கும். பிடிபடாமல் ஓடுவது அவர் திறமையில் பாதிதான். எதிரிகளைத் தன் பக்கம் இழுப்பது மறு பாதி. என் சிட்டுக்கு இரண்டும் வேண்டும்.

இன்று எண்களைப் போட்டேன். இனம் ஹாஃப்லிங் என்ற குள்ள மனிதர்கள், அதில் ஸ்டௌட் வகை. 15, 14, 13, 12, 10, 8 என்ற வழக்கமான வரிசையில் பதினைந்தைச் சுறுசுறுப்புக்குக் கொடுத்தேன். இனம் தரும் இரண்டும் சேர்ந்து 17. பதினான்கு உடல் உறுதிக்கு, இனம் தரும் ஒன்றோடு 15. வலிமை 10, அறிவு 8. நஞ்சுக்கு எதிராகவும் ஸ்டௌட் உடம்பு தாங்கும்.

உருவம் சின்னது என்பதாலேயே அடி தவறும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஐந்தாம் பதிப்பில் அப்படி எதுவும் இல்லை. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் சிறிய உருவத்துக்குக் கவச எண்ணில் (அடி பட எதிரியின் பகடைக் கூட்டல் எட்ட வேண்டிய எண்) ஒன்று கூடும், தாக்குதலிலும் ஒன்று கூடும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை எடுத்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் ஹாஃப்லிங்குக்கு அதைவிட அருமையான ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்கள்: தன்னைவிடப் பெரிய எந்த உயிரின் இடத்தினூடேயும் நுழைந்து போகலாம். காப்ளினும் சின்னதுதான், அதனிடம் இது செல்லாது. பெரியது எதிரில் வரட்டும், பார்க்கலாம்.

18 அக்டோபர், புதன்

கவசம். இதில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும்.

தொடக்கத்தில் வீரர்களுக்கு இரண்டு வழி. சங்கிலிக் கவசம் எடுத்தால் கவச எண் 16, கேடயத்தோடு 18. தோல் கவசம் என்றால் 11, சுறுசுறுப்பு 17 தரும் 3, கேடயம் 2, ஆக 16. காகிதத்தில் சங்கிலிதான் மேல். ஆனால் அதற்கு வலிமை 13 வேண்டும், சிட்டுக்கு 10. வலிமை போதாவிட்டால் வேகத்தில் பத்தடி குறையும். ஹாஃப்லிங் ஒரு சுற்றில் நடப்பதே 25 அடி. பதினைந்தடி நகர்கிறவள் யாரைக் காப்பாற்றப் போகிறாள்? பதுங்குவதும் கெட்டுப்போகும். தோல் கவசமே எடுத்தேன்.

அதோடு ஒரு நெடுவில்லும் இருபது அம்பும் வருகின்றன. நெடுவில் கனமான ஆயுதம். சின்ன உருவம் அதை எய்தால் பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். அதை விற்றுவிடுவேன். விலை 50 பொன், விற்றால் பாதி, 25. ஆணி பதித்த தோல் கவசம் 45 பொன். அதற்குக் கவச எண் ஒன்று கூடுதல். இப்போதிருக்கும் தோலைக் கொடுத்தால் 5 கிடைக்கும். இன்னும் 15 பொன்னைக் காப்ளின்கள்தான் தர வேண்டும்.

அடுத்தது சண்டை முறை. தற்காப்பு முறை எடுத்தால் சிட்டுக்குக் கவச எண் ஒன்று கூடும். பாதுகாப்பு முறை வேறு: என்னிடமிருந்து ஐந்தடிக்குள் நிற்கும் தோழரை எவனாவது அடித்தால், கேடயத்தை நீட்டி அவனை இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். காப்ளின் தன் இருபதுமுகப் பகடையோடு நான்கைக் கூட்டுகிறது. 16 உள்ள சிட்டின் மேல் நூற்றுக்கு 45 முறை படும், தற்காப்பு முறை இருந்தால் 40. ஐந்து முறை மிச்சம். பாப்பாவின் மந்திரக்காரிக்குக் கவச எண் 12தான், அவள் மேல் நூற்றுக்கு 65 முறை படும். நான் கேடயம் நீட்டினால் அது 42 ஆகிவிடுகிறது.

இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? பாதுகாப்பு முறைதான். பாப்பாவிடம் கவச மந்திரம் எடுத்துக்கொள் என்றேன். “வேண்டாம் அத்தை, நெருப்பும் தூக்கமும் போதும்” என்றாள். அவளுக்கு இருப்பது 7 உயிர்ப் புள்ளி.

21 அக்டோபர், சனி

மதியம் முதல் ஆட்டம். இரவு இங்கிலாந்தோடு அரை இறுதி, 16–15, மறுபடியும் ஒரே ஒரு புள்ளி. தொண்டை போய்விட்டது.

ஓடைப் பாலத்தில் நான்கு காப்ளின்கள் மறித்தன. சிட்டு பாப்பாவின் இடது பக்கம் ஒட்டி நின்றாள். முதல் காப்ளின் கத்தியை வீசியது, கேடயத்தை நீட்டினேன், தவறியது. அதே சுற்றில் புதரிலிருந்து வந்த அம்புக்கு என்னிடம் பதில் இல்லை. கேடயம் நீட்டுவது எதிரியின் செயலுக்கு உடனே தரும் பதில், அதாவது ரியாக்‌ஷன், சுற்றுக்கு ஒரு முறைதான். ஆறு புள்ளி போய் பாப்பாவிடம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அவள் தன் தாளில் ஏழை அழித்து ஒன்று எழுதினாள். அழிப்பானைத் தேய்த்த வேகத்தில் தாள் கிழிந்தது. அடுத்த கணம் அவளே தூக்க மந்திரத்தைப் போட்டு இரண்டு காப்ளின்களைச் சாய்த்தாள். நான் ஒன்றைக் குத்தினேன், அண்ணன் மற்றதை முடித்தார்.

கிடைத்தது 18 பொன். ஆணி பதித்த கவசம் வந்துவிட்டது. இப்போது 17.

29 அக்டோபர், ஞாயிறு

நேற்று இறுதிப் போட்டி என்பதால் ஆட்டம் இல்லை. நியூசிலாந்து 11, தென்னாப்பிரிக்கா 12. பியேட்டர்-ஸ்டெஃப் டு டொய்ட் 28 முறை எதிராளிகளைப் பிடித்துச் சாய்த்தார். கோல்பி மஞ்சள் அட்டை வாங்கி வெளியே உட்கார்ந்து, பார்க்கப் பொறுக்காமல் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். நான்காவது உலகக் கோப்பை. இன்றைக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

4 நவம்பர், சனி

இரண்டாம் லெவல். ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. ரீசார்ஜ் விளக்கை மேசை நடுவில் வைத்து, உருட்டிய பகடையை ஒவ்வொருவரும் அதன் அருகே நகர்த்திக் காட்டினோம்.

இன்று எதிரி ஒரு மந்திரவாதி. கையை விரித்தான், பதினைந்தடிக்குத் தீ விசிறி போல் பாய்ந்தது. கவச எண் 17 இருந்தும் பயனில்லை. தீ யாரையும் குறிபார்த்து வருவதில்லை, சுறுசுறுப்பு எண்ணை வைத்து ஒதுங்க முடிகிறதா என்றுதான் உருட்ட வேண்டும். பகடையில் ஒன்று விழுந்தது. ஹாஃப்லிங்கின் அதிர்ஷ்டம் அங்கேதான் கைகொடுத்தது: ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டலாம். இரண்டாவது பதினாறு. ஒன்பது புள்ளிச் சேதத்தில் பாதிதான் எனக்கு. பாப்பாவுக்கு முழுதும்.

பாதுகாப்பு முறையின் விலை இதுதான். அவளைக் காக்க அவளை ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் ஒரே தீ இரண்டு பேரையும் சுடும். இதை எந்தக் கவசமும் தீர்க்காது. எதிரி கத்தி எடுத்தால் ஒட்டி நிற்க வேண்டும், கையை விரித்தால் விலகி நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எதிரியின் கையைப் பார்த்து முடிவெடுப்பதுதான் இந்தப் பாத்திரத்தின் சுவை. அடிபடாமல் சும்மா நிற்பவளுக்கு இது கிடைக்காது.

13 நவம்பர், திங்கள்

நேற்று தீபாவளி. முறுக்குத் தட்டு இன்னும் காலியாகவில்லை. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாம் லெவல் வேலையைச் செய்தேன்.

பேட்டில் மாஸ்டர், அதாவது உத்திகளால் சண்டையிடும் வீராங்கனை, ஆகிறாள் சிட்டு. மூன்று உத்திகள், அவற்றுக்குச் செலவழிக்க நான்கு எட்டுமுகப் பகடைகள். தடுத்துச் சேதத்தைக் குறைக்கும் உத்தி இருக்கிறது, எதிரி தவறினால் திருப்பிக் குத்தும் உத்தி இருக்கிறது. வாள் வீராங்கனைக்கு அந்த இரண்டையும்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் எடுக்கவில்லை. இரண்டுமே ரியாக்‌ஷனைத் தின்னும், என் ரியாக்‌ஷன் கேடயத்துக்குப் போய்விட்டது. ஒரே சம்பளத்தில் இரண்டு வீட்டு வாடகை கொடுக்க முடியாது.

ஆகவே சீண்டும் அடி. நான் குத்தி அடிபட்டவன் மன உறுதிப் பகடையில் தோற்றால், என் அடுத்த முறை முடியும்வரை என்னைத் தவிர வேறு யாரை அடித்தாலும் இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். தம்பி முதல் நாள் சொன்னதற்கு என் பதில் இதுதான். காப்ளினுக்கு மூளை இருக்கட்டும், கோபமும் இருக்கும். இரண்டாவது, நகரும்போது எட்டுமுகப் பகடையைக் கவச எண்ணில் சேர்க்கும் நழுவல் நடை. மூன்றாவது காலை வாரிவிடுவது.

18 நவம்பர், சனி

இன்று ஓகர் வந்தது. பத்தடிக்குப் பத்தடி இடத்தை அடைத்து நிற்கும் பூதம், கையில் தடி. ஒரு அடி விழுந்தால் சராசரி 13 புள்ளி. பாழடைந்த ஆலைக்குள் பாப்பாவைச் சுவரோரம் மடக்கிவிட்டது. சிட்டு மறு பக்கம். நடுவில் ஓகர்.

பிறர் இடத்தினூடே போனால் ஒவ்வொரு அடிக்கும் இரண்டடி செலவு. பத்தடி ஓகருக்கு இருபது. வெளியே வந்து பாப்பாவின் பக்கத்தில் நிற்க ஐந்து. ஆக 25. சிட்டின் வேகம் மிகச்சரியாக 25! வரைபடத்தில் கட்டம் கட்டமாக எண்ணிக் காட்டினேன். தம்பி குனிந்து மறுபடி எண்ணினான். “போகலாம் அக்கா” என்றான். கைக்கெட்டும் தூரத்தை விட்டு விலகாததால் போகிற போக்கில் ஓகர் அடிக்கவும் முடியாது. சங்கிலிக் கவசம் போட்டிருந்தால் அதன் வயிற்றுக்கடியில் நின்றிருப்பேன்.

மறு பக்கம் வந்து குத்தினேன். 14 புள்ளிச் சேதம், கூடவே சீண்டல். சீண்டலைத் தாங்க ஓகர் 13 எடுக்க வேண்டும், அதன் மன உறுதி இரண்டைக் கழிக்கிறது. ஒன்பது விழுந்தது, ஏழானது. தோற்றது. “ஓடு பாப்பா” என்றேன். அவள் விலக, ஓகர் அவள் முதுகில் தடியை ஓங்கியது. தம்பி இரண்டு பகடைகளையும் திரை மறைவில் உருட்டாமல் மேசை நடுவிலேயே உருட்டினான். ஒன்றில் பதினேழு. மற்றதில் மூன்று. மூன்றோடு ஆறு ஒன்பது, பாப்பாவுக்குப் பன்னிரண்டு. தப்பினாள். பாப்பா நாற்காலியில் ஏறி நின்று கத்தினாள், அவள் அம்மா எதுவும் சொல்லவில்லை.

தொலைவில் நின்று மூன்று நெருப்புக் கதிர்களை வீசினாள். அடுத்த சுற்றில் ஓகரின் தடி சிட்டின் மேல் விழுந்தது, 28-இல் 15 போனது. அதற்கடுத்த சுற்றில் பூதம் சாய்ந்தது.

19 நவம்பர், ஞாயிறு

நான்காம் லெவல் தொலைவில் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் சென்டினல் எடுக்கச் சொல்கிறார், என் அருகில் நிற்பவன் வேறு யாரையாவது அடித்தால் உடனே அவனைக் குத்தலாம் என்று. அழகான திறன்தான். ஆனால் அதுவும் ரியாக்‌ஷன். நான் சுறுசுறுப்பில் ஒன்றும் உடல் உறுதியில் ஒன்றும் போடப்போகிறேன். 17 பதினெட்டாகும், 15 பதினாறாகும். கவச எண் 18, தாக்குதல் ஒன்று கூடும், சீண்டலைத் தாங்க எதிரி 14 எடுக்க வேண்டும், உயிர்ப் புள்ளியும் லெவலுக்கு ஒன்று ஏறும். ஒற்றைப்படை எண்களை அன்றே இதற்காகத்தான் வைத்தேன்.

மாலையில் பாப்பா தன் தாளோடு வந்தாள். அடுத்த லெவலில் கவச மந்திரம் எடுக்கிறாளாம், 12 பதினைந்தாகும். “இனி நீங்கள் என் பக்கத்திலேயே நிற்க வேண்டாம் அத்தை, முன்னால் போங்கள்” என்றாள். ஓகர் அவளை நூற்றுக்கு 75 முறை அடித்தது, இனி 60. சீண்டலும் சேர்ந்தால் 36. இருவரும் உட்கார்ந்து சிட்டு எத்தனை அடி தள்ளி நிற்கலாம் என்று கட்டத்தாளில் வரைந்தோம். தீ விசிறி ஒரே நேரத்தில் இருவர் மேலும் படாத மூன்று நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறித்திருக்கிறோம். சனிக்கிழமை முதலாவதை முயல்கிறோம்.