டங்கெல்ட் ட்ரிப்: ஒரு பிடில் ட்யூனுக்காக பர்ஸைக் காலி பண்ணின கதை

முதல்ல அந்த டாக்ஸிக்காரரைத் திட்டிட்டுத்தான் ஆரம்பிக்கணும். ஸ்காட்லாந்துல இருக்குற டங்கெல்ட் பிர்னம் ஸ்டேஷன்ல இருந்து இன்வர் கிராமம் நடந்தே போற தூரம்தான், மழை பிடிச்சிடுச்சேன்னு ஏறினேன், மனுஷன் சுத்தி சுத்தி கூட்டிட்டு போய் ஒரு தொகை சொன்னார் பாருங்க, எடின்பரோல இருந்து வந்த ட்ரெயின் டிக்கெட்டே ஏற்கனவே வயித்துல புளியைக் கரைச்சுட்டு இருந்துச்சு, இது அதுக்கு மேல.

சரி, எதுக்கு இந்த ஊரு? நீல் கௌ. 1727ல பிறந்து 1807 வரைக்கும் வாழ்ந்த பிடில்காரர், இன்வர்லதான் வீடு. பழகினது துணி நெய்யுற தொழில், பேர் வாங்கினது பிடில்ல. அந்தப் பக்கத்துப் பெரிய பிரபு அத்தோல் ட்யூக் ஆதரவு இருந்ததால பெரிய வீட்டு டான்ஸுக்கெல்லாம் இவர்தான், கூடவே தம்பி டொனால்ட் செல்லோ (பிடில் மாதிரியே, ஆனா பெருசு) வாசிப்பார். 1787ல கவிஞர் ராபர்ட் பர்ன்ஸே இவரைத் தேடி வந்திருக்கார். ஸ்ட்ராத்ஸ்பேன்னு வெட்டி வெட்டி போற டான்ஸ் ட்யூன்ல இவர் பிடில் வில்லை மேல்நோக்கித் தள்ளி வாசிக்கிற வீச்சு அவ்வளவு ஃபேமஸ்.

ஆனா நான் போனது டான்ஸ் ட்யூனுக்காக இல்ல. 1768ல ரெண்டாவதா கட்டின மார்கரெட் (முதல் மனைவி பேரும் மார்கரெட்தான்!) 1805ல செத்துப்போறாங்க. முதல் தாரத்துப் பிள்ளைங்க இருந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருஷம் குடும்பம் நடத்தின அம்மா. அவங்களுக்காக எண்பதை நெருங்குற கிழவர் போட்ட ஒப்பாரிதான் அந்த ட்யூன். ஒப்பாரின்னா முகாரி மாதிரி இருக்கும்னு நினைப்போம், இது மேஜர் ஸ்கேல்ங்க, நம்ம சங்கராபரண ஸ்வரங்கள்! அழுகையே கிடையாது, நிதானமா மேல ஏறி ஏறி இறங்குது, அதுதான் ஆளைக் கொல்லுது. (கிட்டத்தட்ட அதே காலத்துல நம்ம முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் மெட்டுக்கெல்லாம் நோட்டுஸ்வரம் போட்டுட்டிருந்தார், தம்பி பாலுசுவாமி பிடில் கத்துக்கிட்டிருந்தார். என்ன பொருத்தம்!)

பிள்ளைங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. நதானியேல் எடின்பரோல மியூசிக் பப்ளிஷிங் கடையே போட்டார், மீன் விக்கிற பொம்பளைங்க கூவுறதை வெச்சு 'காலர் ஹெர்ரிங்'னு ஒரு ட்யூன் போட்டது இவர்தான். ஆனா அடுத்தவங்க ட்யூனுக்குப் பேரை மாத்தித் தங்களோட புக்ல போட்டுக்கிட்டாங்கன்னு அப்பவே கம்ப்ளெயின்ட் உண்டு, அதே காலத்துல பிடில் ட்யூன் போட்ட வில்லியம் மார்ஷலோட ஆளுங்க ரொம்ப கடுப்பானாங்களாம். குடும்ப பிசினஸ்னா அப்படித்தான் போல.

அங்க ஓடுற 'டே'ங்கிற ஆத்தோட கரைல ஒரு பெரிய ஓக் மரம் இருக்கு, அதுக்கடியில உக்காந்துதான் நீல் கௌ தாத்தா வாசிப்பாராம். மழை சொட்டச் சொட்ட நானும் போய் நின்னேன், போனை எடுத்து அந்த ட்யூனைப் போட்டேன், சிக்னல் இல்ல. வெறுத்துப்போய் பாலம் தாண்டி ஒரு பப்ல நுழைஞ்சா கல்லன் ஸ்கிங்க்னு ஒரு சூப், புகை போட்ட ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். மீனும் பாலுமான்னு ஆத்தா அடிக்க வருவாங்க, ஆனா சத்தியமா சொல்றேன், டாக்ஸிக்கு அழுத காசெல்லாம் அந்த ஒரு கிண்ணத்துல மறந்துபோச்சு. மூலையில நாலு பேர் பிடில் வாசிச்சிட்டிருந்தாங்க, தயங்கித் தயங்கி கேட்டேன், ஒரு அக்கா சிரிச்சிட்டே அந்த ட்யூனை எடுத்தாங்க. பேச்சுச் சத்தம் தானா குறைஞ்சிடுச்சு. கை தட்டவே தோணல எனக்கு.

போறவங்களுக்கு: லிட்டில் டங்கெல்ட் சர்ச் கல்லறைத் தோட்டத்துலதான் தாத்தாவை அடக்கம் பண்ணினாங்க, ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம். எடின்பரோ குயின் ஸ்ட்ரீட் போர்ட்ரெய்ட் கேலரிக்குக் கண்டிப்பா போங்க, ரேபர்ன் வரைஞ்ச இவரோட படம் இருக்கு, டார்ட்டன்னு ஸ்காட்லாந்து கட்டம் போட்ட துணில கால்சட்டை போட்டு பிடிலோட உக்காந்திருப்பார். அங்க என்ட்ரி ஃப்ரீ. டாக்ஸி மட்டும் வேண்டாம், குடை வாங்கிக்கோங்க, அது சீப்பு.