பகலில் ஆபீஸ், மாலையில் சபா

தமிழ்நாட்டில் சங்கீத விமர்சனத்தால் பெயர் வாங்கியவர்கள் உண்டு. அதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' எழுதிய கல்கிக்குச் சோறு போட்டது பத்திரிகை ஆசிரியர் வேலை. ஈ. கிருஷ்ணய்யர் வக்கீல். சுப்புடு என்ற பி.வி. சுப்பிரமணியம் நிதி அமைச்சகத்தில் உத்தியோகம் பார்த்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து கால்நடையாக இந்தியா வந்து சேர்ந்தவர், பிறகு டெல்லியில் இருந்துகொண்டு ஸ்டேட்ஸ்மன் ஆங்கில நாளிதழில் நெடுங்காலம் எழுதினார். 2007இல் இறந்தபோது அவருக்கு வயது 90.

மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால்தான் இவர்களுடைய பேனா சபா செயலாளர்களுக்கு வளையவில்லை என்பது என் கட்சி. சுப்புடுவின் கிண்டலைக் காப்பியடித்தவர்கள் பலர். அவருக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும், கிண்டலுக்கு அடியில் ஸ்வர ஞானம் இருந்தது என்பதைத்தான் கோட்டை விட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் பறிபோவது நேரம். இரண்டரை மணி நேரக் கச்சேரி முடிய இரவு ஒன்பதைத் தாண்டும், காலையில் ஆபீஸ். இடையில் 300, 400 சொற்களில் எழுதி முடிக்க வேண்டும். ஆகவே பாதி விமர்சனம் அரங்கிலேயே குறிப்பாக உருவாகிவிட வேண்டும். பக்கத்தின் இடது ஓரத்தில் மணி, வலதுபுறம் கேட்டது. காம்போதி ராகத்தைக் கேட்டு 'அபாரமான காம்போதி' என்று குறித்து வைத்தால் வீட்டுக்கு வந்தபின் அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. '6.52 முதல் 7.04, காம்போதி, மேல் காந்தாரத்தில் சுருதி விலகல், ச நி ப த ச பிடியில் காகலி நிஷாதம் சுத்தம்' என்று, எந்த ஸ்வரம் பிசகியது, எது சரியாக விழுந்தது எனத் தெரியும்படி இருந்தால் பாராட்டோ குறையோ தானே வந்து உட்காரும். படிப்பவர் 'இல்லை, நான் கேட்டது வேறு' என்று சண்டை போடவும் அதில் இடம் இருக்கிறது.

ராகத்தை அவசரப்பட்டு எழுதுவதுதான் பெரிய பள்ளம். ஆரபியும் தேவகாந்தாரியும் ஸ்வரக் கணக்கில் ஒன்றுபோலவே இருக்கும். நின்று நிதானித்து, ஒரே ஸ்வரத்தில் நிற்கும் நீண்ட கார்வைகளோடு நடந்தால் தேவகாந்தாரி. தர்பாரா நாயகியா என்று குழம்பினால் 'க க ரி ச', 'நி நி த ப' என்று ஸ்வரம் இரட்டித்து வரும் ஜண்டைகளுக்குக் காத்திருக்கலாம், வந்தால் தர்பார். ஒன்றை மற்றொன்றாக நினைக்க வைக்கும் பைரவி, மாஞ்சி விஷயத்தில் பாட்டின் பல்லவி வரும்வரை பேனாவை மூடி வைப்பதே உத்தமம்.

தாளத்தைப் பாடகரின் தொடையைப் பார்த்து எழுதலாம் என்றால், சாபு தாளத்தில் அது கைகொடுக்காது. மிச்ர சாபுவுக்கு எண்ணிக்கை ஏழு, கண்ட சாபுவுக்கு ஐந்து. தானே போட்டுப் பார்ப்பதுதான் வழி. மேடையிலேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்தில் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தாளத்தின் முதல் அடியான சமத்திலா, அரை இடம் தள்ளியா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கணக்குச் சரியாக வந்து விழுந்ததா என்று சொல்ல அதுதான் ஆதாரம்.

உட்காரும் இடமும் தீர்ப்பை மாற்றும். முதல் வரிசையில் மேடையின் மானிட்டர் சத்தமும் காதில் கலக்கும். பால்கனிக்கு அடியில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி குமுறும். நடு அரங்கில், ஒலிபெருக்கிக்கு நேராக இல்லாத இருக்கை நல்லது. வயலின் அமுங்கினால் வாசித்தவரைக் கண்டிக்கும் முன் மைக்செட்காரரை ஒரு முறை சந்தேகப்படலாம்.

தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து காபி குடிக்கப் போகும் விமர்சகர் 'தனி விறுவிறுப்பாக இருந்தது' என்று எழுதியே பிடிபடுவார். தாளக் கணக்கைச் சிறிது சிறிதாகச் சுருக்கும் குறைப்பு எந்த நடையில் நடந்தது, முடிவை அறிவிக்கும் மோராவுக்குப் பின் வந்த முடிப்புக் கணக்கான கோர்வை பாட்டின் எடுப்பில் பொருந்தியதா என்று இரண்டு வரி எழுத, இருக்கையிலேயே இருந்தாக வேண்டும்.

கச்சேரியின் கடைசியில் வரும் சிறு பாட்டான துக்கடாவும் அப்படியே. 'கிருஷ்ணா நீ பேகனே' வியாசராயருடையது. புரந்தரதாசர் பெயரைப் போட்டால் மறுநாள் கடிதம் வரும். பக்கவாத்தியக்காரர் கடைசி நேரத்தில் மாறியிருக்கலாம் என்பதால் அச்சான நிகழ்ச்சி நிரலை நம்பாமல், கிளம்புமுன் பெயர்களை இன்ஷியலோடு மேடைக்குப் பின்னால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.