ஜைல்ஸ் பார்க்காத பள்ளிக்கூடம்

2025 ஆகஸ்ட் 9ஆம் தேதி ஸ்டெஃபனி ஷர்லி தம் 91ஆம் வயதில் காலமானார். பிரிட்டனின் தொடக்ககால மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றை நிறுவியவர், ஈட்டிய செல்வத்தில் ஏறத்தாழ 7 கோடி பவுண்டை அறப்பணிகளுக்குக் கொடுத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் நான்கு ஆண்டுகள் என்னைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. 1963இல் அவருடைய ஒரே மகன் ஜைல்ஸ் பிறந்தான். 1996இல் அவர் தொடங்கிய நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. 1998 அக்டோபரில் ஜைல்ஸ் இறந்துபோனான். 1999இல், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக அவர் நிறுவிய பள்ளி திறக்கப்பட்டது.

இந்த வரிசையை நான் விட்டு விலக முடியாததற்குக் காரணம் என் அக்காவின் மகன். அவனுக்கு இப்போது பதினொரு வயது. பேசிக்கொண்டிருந்த ஏழெட்டுச் சொற்களும் இரண்டரை வயதுக்குள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கடைசியாக நின்றது ‘தண்ணி’. அதற்குப் பிறகு தாகம் எடுத்தால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் குடத்தின் மேல் வைப்பான். ஜைல்ஸும் ஏறக்குறைய அதே வயதில்தான் பேச்சை இழந்தான். அவனுக்கு அது திரும்பி வரவே இல்லை.

ஷர்லி பிறந்தது 1933இல், ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில். அப்போது அவர் பெயர் வேரா பூக்டால். தந்தை யூதர், நீதிபதியாக இருந்தவர். நாஜி ஆட்சி அவருடைய பதவியைப் பறித்தது. குடும்பம் வியன்னாவுக்குப் போயும் பாதுகாப்புக் கிடைக்காத நிலையில், 1939 ஜூலையில் ஐந்து வயது வேராவையும் ஒன்பது வயது அக்காவையும் பெற்றோர் இங்கிலாந்துக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். போர் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளை இப்படிப் பெற்றோரில்லாமல் கரைசேர்த்த ‘கிண்டர்டிரான்ஸ்போர்ட்’ ஏற்பாட்டில் அந்தப் பயணமும் ஒன்று. அக்காவின் கையை இறுகப் பற்றியபடி வந்து இறங்கிய அந்தச் சிறுமியை, முன்பின் அறியாத ஓர் ஆங்கிலத் தம்பதியர் வீட்டுக்கு அழைத்துப்போய் வளர்த்தார்கள். பெற்றோர் இருவரும் போரில் தப்பிப் பிழைத்தார்கள் என்றாலும், அறுந்த உறவு பழையபடி ஒட்டவில்லை. காப்பாற்றப்பட்ட உயிர் வீணாகிவிடக் கூடாது என்ற எண்ணம் தம்மை வாழ்நாள் முழுவதும் செலுத்தியதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நன்றிக்கடன் என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்திவிடுகிறோம். ஐந்து வயதில் அந்தக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்ட ஒருவருடைய வாழ்க்கை இது.

அவர் படித்த பெண்கள் பள்ளியில் அவருக்கு வேண்டிய கணிதத்தைக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. அதற்காக ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தார். பதினெட்டு வயதில் லண்டனின் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, கணினிகளை அடித்தளத்திலிருந்து உருவாக்கும் பணியில் ஈடுபட்டபடியே ஆறாண்டுகள் மாலை வகுப்புக்குப் போய்ப் பட்டம் பெற்றார். இயற்பியலாளரான டெரெக் ஷர்லியை மணந்த பின், 1962இல் ஆறு பவுண்டு முதலீட்டில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கணினி வாங்கினால் மென்பொருள் இலவசமாகக் கூடவே வரும் என்று எல்லாரும் எண்ணியிருந்த காலம் அது. மென்பொருளைத் தனியாக விற்க முடியும் என்பதையே நம்பாதவர்கள், அதை ஒரு பெண் விற்பாள் என்பதை எப்படி நம்புவார்கள்? கணவனின் அனுமதி இல்லாமல் வங்கியில் கணக்குத் திறக்கவும் முடியாது. ‘ஸ்டெஃபனி’ என்று கையொப்பமிட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே வராததால், கணவரின் யோசனைப்படி ‘ஸ்டீவ்’ என்று கையொப்பமிடத் தொடங்கினார். பிறகுதான் வாய்ப்புகள் வந்தன.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு நின்ற பெண்களைத்தான் அவர் தேடித் தேடிச் சேர்த்தார். அவர்கள் வீட்டிலிருந்தபடியே பென்சிலால் தாளில் நிரல் எழுதுவார்கள். அது தபாலில் தரவு மையத்துக்குப் போய், அட்டையிலோ நாடாவிலோ துளையிடப்பட்டு, சரிபார்ப்பதற்காக மறுபடியும் துளையிடப்பட்டு, அதன் பிறகே கணினிக்குள் போகும். ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல்பணி இப்படி அவரவர் வீட்டில் இருந்த பெண்களால் செய்யப்பட்டது. முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். பெண்களுக்கு ஆதரவாக 1975இல் வந்த பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், பெண்களையே சேர்ப்பது என்ற அவருடைய கொள்கையையும் சட்டவிரோதம் ஆக்கிவிட்டது.

அந்த ஆரம்ப நாட்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் ஒன்று எனக்கு மிகவும் நெருக்கமானது. வாடிக்கையாளருடன் தொலைபேசியில் பேசும்போது, தட்டச்சு இயந்திரம் ஓடும் ஓசையைப் பதிவுசெய்த ஒலிநாடாவைப் பின்னணியில் ஓடவிடுவாராம். மறுமுனையில் கேட்பவருக்கு அது பரபரப்பான அலுவலகமாகத் தோன்றும். வீட்டுக்குள் குழந்தை அழும் சத்தமும் அதில் அமுங்கிவிடும். நானும் மென்பொருள் வேலையில் இருப்பவள்தான். 2020இல் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, அக்காவும் அவள் மகனும் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். அலுவலகக் கூட்டம் நடக்கும்போது அவன் கதறத் தொடங்கினால், என் விரல் தானாக ஒலியை அணைக்கும் பொத்தானுக்குப் போகும். ஒலியை அணைத்துவிட்டு, முகத்தில் எதுவும் தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருப்பேன். அந்த ஒலிநாடாவைப் பற்றிப் படித்தபோது, அது எந்தக் குழந்தையின் அழுகையை மறைத்தது என்பதே எனக்கு முதலில் தோன்றியது. நிறுவனத்துக்கு ஒரு வயது ஆனபோது பிறந்தவன் ஜைல்ஸ்.

அவன் அழகான, அமைதியான குழந்தையாக இருந்தான் என்று தாய் நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டரை வயதில் இருந்த சில சொற்களும் போய், யாராலும் அடக்க முடியாத குழந்தையாக அவன் மாறியபோது, ஆட்டிசம் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருந்த மருத்துவர்களே குறைவு. மனநல மருத்துவர் லியோ கானர் அதை 1943இல்தான் விவரித்திருந்தார். 1966இல் விக்டர் லாட்டர் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் எடுத்த கணக்கில், 10,000 குழந்தைகளில் நாலைந்து பேருக்கே அது இருப்பதாகத் தெரிந்தது. இன்று பிரிட்டனில் நூற்றில் ஒருவருக்காவது இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. எல்லாவற்றிலும் கொடியது அப்போது செல்வாக்குடன் உலவிய ஒரு கோட்பாடு. பாசமில்லாத, குளிர்ந்துபோன தாயால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்கிவிடுகிறது என்று அது சொன்னது. உளவியலாளராக அறியப்பட்ட புரூனோ பெட்டல்ஹைம் அதை 1967இல் புத்தகமாகவே எழுதிப் பரப்பினார். வேலைக்குப் போகும் தாய்க்கு, அதிலும் சொந்தமாக நிறுவனம் நடத்தும் தாய்க்கு, அந்தப் பேச்சு எப்படி வலித்திருக்கும்! அறிவியல் அதைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஊர்வாய் இன்னும் கைவிடவில்லை. “குழந்தைகிட்ட நீ உக்காந்து பேசியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?” என்று என் அக்காவிடம் ஓர் உறவினர் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா பதில் சொல்லவில்லை. மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த தயிர்சாதத்தைக் கீழே வைத்துவிட்டு, கை கழுவ எழுந்து போனாள்.

பதின்ம வயதில் ஜைல்ஸுக்கு வலிப்பும் சேர்ந்துகொண்டது. உடல் வளர்ந்துவிட்ட மகனின் ஆவேசத்தைத் தாங்க முடியாமல் ஷர்லியின் மனமும் உடலும் ஒருகட்டத்தில் முறிந்துபோயின. அவரே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மகனை மனவளர்ச்சி குன்றியோருக்கான மருத்துவமனையில் விட வேண்டிவந்தது. ஆண்டுக்கணக்கில் அவன் அங்கேயே இருந்தான். இதை அவர் பொதுவெளியில் மறைக்கவில்லை. அவருடைய கொடைகளைவிட இந்த வெளிப்படைத்தன்மையை நான் ஒரு படி மேலாக மதிக்கிறேன். பிள்ளையை வேறோர் இடத்தில் விட நேர்ந்த பெற்றோர் அதை வெளியே சொல்லவே அஞ்சிக் கூனிக்குறுகுகிறார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு குரல் தேவை.

அந்த மருத்துவமனை வாழ்க்கையிலிருந்து ஜைல்ஸை வெளியே கொண்டுவருவதற்காகத் தொடங்கியதுதான் அவருடைய முதல் அறப்பணி. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் வார்டில் ஒரு படுக்கை எண்ணாக இல்லாமல், சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில், துணையாளர்களுடன் வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம். ‘கிங்வுட்’ என்ற பெயரில் 1994இல் அமைந்த அந்த அறக்கட்டளையின் முதல் வீட்டில் முதலில் குடியேறியவன் ஜைல்ஸ். மகனுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்து நிறுத்தியிருந்தால் எந்தச் செல்வந்தத் தாயும் செய்வதைத்தான் அவரும் செய்திருப்பார். அந்த ஒரு வீட்டின் ஏற்பாட்டை, ஜைல்ஸைப் போன்ற மற்றவர்களுக்கும் பயன்படும் அமைப்பாக அவர் மாற்றினார். குழந்தை உள்ள பெண்ணால் அலுவலகத்துக்கு வர முடியாதென்றால் வேலையை அவள் வீட்டுக்கு அனுப்புவது என்று 1962இல் யோசித்த அதே மூளைதான் இதையும் யோசித்தது. மனிதரை ஏற்பாட்டுக்குள் திணிக்காமல் ஏற்பாட்டை மனிதருக்கு ஏற்றபடி வளைத்தார். ஆகவே முதலில் தொழிலதிபர், பிறகு வள்ளல் என்று அவருடைய வாழ்க்கையை இரண்டாக வெட்டிச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பது நம் வழக்கு. ஷர்லி அந்தக் கணக்கையும் பின்பற்றவில்லை. நிறுவனத்தின் மதிப்பு விண்ணைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே, அதில் கால்பங்கைத் தம் கையிலிருந்தே பணியாளர்களுக்குக் கொடுத்துவிட்டார். பின்னாளில் பங்கு விலை ஏறியபோது அவர்களில் 70 பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அவர் 1993இல் ஓய்வு பெற்றார். அதன் பின் நிறுவனம் இந்தியாவுக்கு வந்து, ‘எக்ஸான்ஸா’ என்று பெயர் மாறி, சென்னையிலும் அலுவலகம் வைத்திருந்தது.

1998இல் ஜைல்ஸ் இறந்தபோது அவனுக்கு 35 வயது. உயிரைப் பறித்தது வலிப்பு. இது தனியொரு குடும்பத்தின் துயரம் மட்டும் அன்று என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்கள் ஆராய்ந்த காலத்தில் இறந்தவர்களுள் மற்றவர்களின் சராசரி வயது 70ஆக இருக்க, ஆட்டிசம் உள்ளவர்களின் சராசரி 54ஆக இருந்தது. ஆட்டிசத்துடன் அறிவுத்திறன் குறைபாடும் இருந்தவர்களுக்கு அது நாற்பதைக்கூட எட்டவில்லை. இவர்களுடைய இறப்புக்கு முன்னணிக் காரணங்களில் ஒன்று வலிப்பு. பேச்சு வருமா, பள்ளியில் சேர்ப்பார்களா என்ற கவலையிலேயே மூழ்கிவிடும் நாம், உடல்நலம் என்ற கேள்வியை எழுப்புவதே இல்லை. தனக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையின் வயிற்றுவலியும் பல்வலியும் ‘ஆட்டிசத்தின் முரண்டு’ என்று ஒதுக்கப்படுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் அக்கா மகன் மூன்று நாட்கள் தன் தாடையில் தானே அடித்துக்கொண்டான். மருத்துவர் ஒருவர் அதை நடத்தைச் சிக்கல் என்று எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் வேறொருவர் வாயைத் திறந்து பார்த்தபோது கடைவாய்ப்பல் சீழ்கட்டியிருந்தது.

மகனை இழந்த மறு ஆண்டில் ஷர்லி திறந்த பள்ளி, பெர்க்ஷயரில் தாட்சம் அருகே உள்ள ‘ப்ரையர்ஸ் கோர்ட்’. கடுமையான ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் சேர்ந்த, பிற பள்ளிகள் சேர்க்கத் தயங்கும் பிள்ளைகளுக்கானது அது. தங்கிப் படிக்கும் வசதியும் உண்டு. தாம் சேர்த்த ஓவியங்களையும் சிற்பங்களையும் பின்னாளில் அந்தப் பள்ளிக்கும், மருத்துவமனைகளில் ஓவியங்களை வைக்கும் அமைப்பு ஒன்றுக்கும் பகிர்ந்து கொடுத்தார். இத்தகைய பிள்ளைகள் இருக்கும் இடமென்றால் உடையாத பொருளும் வெறுஞ்சுவரும் போதும் என்ற எண்ணமே எங்கும் பரவியிருக்கிறது. அழகு அவர்களுக்கும் சேர வேண்டியதே என்று கருதிய கை இது. 2004இல் ஆட்டிசம் ஆராய்ச்சிக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் இன்றைய பெயர் ‘ஆட்டிஸ்டிகா’. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இணையத்தின் சமூக விளைவுகளை ஆராயும் நிறுவனம் அமைய அவருடைய நன்கொடையும் துணைநின்றது. தம் பெயரிலான அறக்கட்டளையை நிரந்தரமாக நிறுத்தி வைக்காமல், இருந்ததை எல்லாம் கொடுத்து முடித்து 2018இல் மூடிவிட்டார். பிரிட்டனின் செல்வந்தர் பட்டியலில் இருந்த அவர் பெயர் கொடுத்துக் கொடுத்தே அதிலிருந்து நீங்கியது; அதை அவர் பெருமையாகவே கருதினார்.

போன வாரம் இவற்றை எல்லாம் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். ஆறு பவுண்டு, கான்கார்டு, கோடீஸ்வரர்கள் எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“அந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனை வயசு வரைக்கும் வெச்சுக்குவாங்க?” என்று கேட்டாள்.

“அஞ்சுலேருந்து இருபத்தஞ்சு வரைக்கும்க்கா.”

மறுமுனையில் மகன் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரோடு விளையாடும் சத்தம் கேட்டது. அக்கா அதை நிறுத்தச் சொல்லவில்லை.

“அதுக்கப்புறம்?” என்றாள்.

கிங்வுட் வீட்டைப் பற்றி மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.