படத்தைக் கெடுக்கும் கண்ணாடி

வேலை என்னவோ சாதாரணமானதுதான். கன்வேயரில் ஓடிவரும் உலோகப் பாகங்களின் தலையில் லேசரில் பொறித்த டேட்டா மேட்ரிக்ஸ் குறியீடு (கறுப்பு, வெள்ளைக் கட்டங்களாலான சதுரம்) இருக்கும். கேமரா அதைப் படிக்க வேண்டும். பாகங்கள் பல உயரம். குட்டைக்கு ஃபோகஸ் வைத்தால் நெட்டை மங்கும், நெட்டைக்கு வைத்தால் குட்டை. லென்ஸில் ஒளி நுழையும் துளையை, அதாவது அபெர்ச்சரைச் சுருக்கலாமே என்பார்கள். எஃப் 2.8-லிருந்து எஃப் 8-க்குப் போனால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஈடுகட்ட எக்ஸ்போஷர் நேரத்தைக் கூட்டினால், ஓடுகிற பாகம் படத்தில் இழுபடும்.

அப்படித்தான் ஃபேஸ் மாஸ்க் (phase mask, ஒளி அலையின் வடிவை மாற்றும் தகடு) பக்கம் ஒதுங்கினோம். 1995-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டௌஸ்கியும் தாமஸ் கேத்தியும் வெளியிட்ட யோசனை அது. அபெர்ச்சர் இருக்கும் இடத்தில், எக்ஸ், ஒய் இரண்டின் மும்மடிகளையும் கூட்டினால் வரும் வளைவில் செதுக்கிய ஒரு தகட்டை வைக்க வேண்டும். அது படத்தைத் தெளிவாக்காது. எல்லாத் தூரத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கெடுக்கும். எப்படிக் கெடுகிறது என்பது முன்பே தெரிவதால், ஒரே கணக்கீட்டு ஃபில்டரை வைத்துக் கணினி திருத்திவிடும். சாதாரண ஃபோகஸ் பிசகில் சில நுணுக்கங்கள் அடியோடு அழிந்துபோகும். எந்தக் கணக்கும் அவற்றை மீட்காது. மாஸ்க் எல்லாவற்றையும் அமுக்குமே தவிர, வடிவமைத்த எல்லைக்குள் எதையும் அழிப்பதில்லை.

கையில் எடுத்துப் பார்த்தால் வெறும் தட்டை வில்லை. ஓரத்து மேடுபள்ளம் பத்துப் பதினைந்து மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியின் பருமனில் கால்வாசி. டியூப்லைட்டின் பிரதிபலிப்பு விழும்படி சாய்த்தால் மட்டும், அந்த வெள்ளைக் கோடு ஓரத்தில் வளைவது தெரியும்.

ஊசித்துளை வெளிச்சத்தை அதன் வழியே பார்ப்பது தனி வேடிக்கை. அந்த ஒளிப்புள்ளி படத்தில் ஒரு புள்ளியாகவே வராது. ஒரு மூலை மட்டும் பளிச்சென்று இருக்கும். அங்கிருந்து வரிசை வாக்கில் ஒன்று, பத்தி வாக்கில் ஒன்று என இரண்டு வால்கள், வால் நெடுக விட்டு விட்டு ஒளித்திட்டுகள். ஊசித்துளை இருக்கும் மேடையை (ஸ்டேஜ்) ஏற்றினாலும் இறக்கினாலும் உருவம் அவ்வளவாக மாறாது. மொத்தமாகக் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். இந்த நகர்வு இருப்பதால் மைக்ரான் கணக்கில் அளவெடுக்கும் வேலைக்கு மாஸ்க்கை நான் சிபாரிசு செய்வதே இல்லை.

இன்னொரு விலை நாய்ஸ், அதாவது படத்தில் தூவினாற்போல் தெரியும் இரைச்சல். அமுங்கிய நுணுக்கங்களை ஃபில்டர் தூக்கிவிடும்போது சென்சாரின் நாய்ஸும் கூடவே ஏறும். பார்க்க வந்த தரக்கட்டுப்பாட்டு அதிகாரி திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன சார், படம் மணல் மணலா இருக்கு?" என்றார். படம் அவருக்கானது இல்லை என்று நயமாகச் சொல்லவே பெரும்பாடாகிவிட்டது. குறியீட்டில் ஒவ்வொரு கட்டமும் கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். படிக்கும் மென்பொருளுக்கு மணல் ஒரு பொருட்டே இல்லை. என்னைக் கேட்டால், மனிதர் பார்க்கும் படத்துக்கு இது தோதுப்படாது. இயந்திரம் படிக்கும் படத்துக்குப் பொருந்தும். கருவிழி அடையாளம் காணும் கேமராக்களுக்கு இதை ஆராய்ந்ததில் நியாயம் இருக்கிறது. இதே நுட்பத்தில் இயங்கிய சிடிஎம் ஆப்டிக்ஸ் நிறுவனத்தை 2005-இல் கேமரா சென்சார் தயாரிக்கும் ஆம்னிவிஷன் வாங்கியது. ஆனாலும் போன் கேமராவில் ஆட்டோஃபோகஸ்தான் நிலைத்தது.

எங்களை உண்மையில் படுத்தியெடுத்தது கோணம். நேராக வரும் குறியீடுகளை மென்பொருள் சட்டென்று படிக்கும். 45 டிகிரி திரும்பி வருபவை அடம்பிடிக்கும். காரணம் மாஸ்க்கின் வடிவத்திலேயே இருக்கிறது. வரிசை, பத்தி திசைகளில் இருக்கும் நுணுக்கங்கள் ஓரளவு தப்பிக்கும். மூலைவிட்டத் திசையில் இருப்பவை எக்ஸிலும் அடிவாங்கி, ஒய்யிலும் அடிவாங்கி வரும். ஃபில்டரை எவ்வளவு மாற்றினாலும் அந்தத் திசையில் நாய்ஸ்தான் கூடியது. கடைசியில் கன்வேயர் ஓரமாக ஒரு வழிகாட்டிப் பட்டையைப் பொருத்திப் பாகங்களையே நேராக வரவைத்தோம். மெக்கானிக்கல் பிரிவுக்காரர்களுக்கு அன்று பூராவும் எங்களைக் கிண்டலடிப்பதே வேலை.

இப்போது மின்னழுத்தத்தை மாற்றினால் வளைவு மாறும் திரவ லென்ஸ்கள் சில மில்லி விநாடிகளில் ஃபோகஸை மாற்றிவிடுகின்றன. பாகங்கள் ஒவ்வொன்றாக வரும் இடத்துக்கு யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்கிறேன். ஒரே தட்டில் பல உயரங்களில் அடுக்கி, ஒரே ஃப்ரேமில் எல்லாவற்றையும் படிக்கச் சொன்னால் மட்டும் கதை வேறு. திரவ லென்ஸால் ஒரு நேரத்தில் ஒரு உயரத்தைத்தான் பிடிக்க முடியும். அந்த மாதிரி ஆர்டருக்கு இன்றும் மாஸ்க்கைத்தான் எடுக்கிறோம், விளக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் பிரகாசமாக வைத்து.