டிராக்டருக்கு வேறு வேலை இருக்கிறது

எங்கள் விறகுத் தொட்டிக்கு வந்த முதல் மரம் காசு கொடுத்து வாங்கியது அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் மாமனார் வளர்த்த பலாவும் முந்திரியும் ஒரே காலையில் சாய்ந்தன. அவற்றை அறுத்து விற்கத் தொடங்கியதுதான் வியாபாரமாகிவிட்டது. இப்போது புளி, வேம்பு, சவுக்குத் தூர், சீமைக் கருவேலம் எல்லாம் வருகின்றன. கல்யாணச் சமையல்காரர்களும் செங்கல் சூளைக்காரர்களும் வாங்கிப் போகிறார்கள்.

இத்தனை ஆண்டுகளும் கோடாரியும் ஆப்பும் சம்மட்டியும்தான். சவுக்குக்கு இழை நேராக ஓடும், ஓங்கி ஓர் அடி போட்டால் விலகிவிடும். புளி இழை முறுக்கிக்கொண்டு போகும். கணுவில் ஆப்பு மாட்டினால் அதை எடுக்க இன்னோர் ஆப்பு இறக்க வேண்டும். எங்களிடம் கோடாரி பிடிக்கும் பெரியவருக்குச் சென்ற ஆண்டு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனது. அவருக்கு மருந்து வாங்கிக் கொடுத்த அன்றே விறகு பிளக்கும் இயந்திரம் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கொழுந்தனார் உடனே சொன்னார்: "அண்ணி, வாசலில் டிராக்டர் நிற்கிறது. பின்னால் மாட்டுகிற மாதிரி வாங்கினால் எஞ்சின் செலவு மிச்சம்." எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

முதலில் டிப்பர் டிரெய்லரை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் குழாயிலேயே இணைத்துவிடலாம் என்று பார்த்தோம். எங்கள் டிராக்டரில் அந்தக் குழாய் ஒரு பக்கம் மட்டும் தள்ளும். டிரெய்லர் தன் எடையிலேயே இறங்கிவிடுவதால் அதற்கு அது போதும். ஆப்பைத் தள்ளி விறகு பிளக்கும் சிலிண்டரோ எண்ணெயின் பலத்திலேயே திரும்பியும் வர வேண்டும். தனி வால்வு போட்டுச் சரிசெய்யலாம்தான். ஆனால் அங்கே ஓடுவது கியர் பெட்டியின் எண்ணெய். மரத்தூளும் மண்ணும் பறக்கும் இடத்தில் ஒரு சீல் போனால் அந்த அழுக்கு நேராக டிராக்டரின் வயிற்றுக்குள் போகும். வேகமும் இல்லை: அந்தக் குழாய்க்கு எண்ணெய் தள்ளும் லிஃப்ட் பம்பு நிமிடத்துக்கு 20 லிட்டர் தருகிறது. 125 மில்லிமீட்டர் உள்விட்டமும் 60 சென்டிமீட்டர் ஓட்டமும் (பிஸ்டன் நகரும் நீளம்) உள்ள சிலிண்டரை நிரப்ப ஏழு லிட்டருக்கு மேல் வேண்டும். முன்னே போவதற்கே 22 விநாடி ஆகும்.

அடுத்தது பி.டி.ஓ.வில், அதாவது டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில், ஓடும் பம்பு, தனி எண்ணெய்த் தொட்டியோடு. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடுவதால், அதைப் பம்பின் வேகத்துக்கு உயர்த்த நடுவே ஒரு கியர் பெட்டி வேண்டும். இந்த வகையின் பலத்தை நான் மறுக்கவில்லை. 40 குதிரைத்திறன் பின்னால் நிற்கும்போது எந்தக் கட்டையிலும் வேகம் குறைவதில்லை. தோப்பில் விழுந்த மரத்தை அங்கேயே பிளக்க வேண்டியவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும்.

நாங்கள் பார்க்கப் போன பட்டறையில் "முப்பது டன் தள்ளும், அம்மா" என்றார்கள். சிலிண்டரின் உள்விட்டம் கேட்டேன்: 100 மில்லிமீட்டர். அழுத்தம் 175 பார். ஒரு பார் என்பது ஏறக்குறைய சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. பிஸ்டனின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 14 டன்தான் வருகிறது. முப்பது வேண்டுமென்றால் அழுத்தத்தை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்ற வேண்டும். அந்தப் பம்பும் ஹோஸும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. எனக்குக் கோபம் வந்தது. அந்த எண்ணை நம்பிக் கடன் வாங்கும் ஒருவர் புளியங்கட்டையை வைத்த முதல் நாளே ஏமாறுவார். வாங்கப் போகிறவர்கள் டன் கணக்கைக் கேட்காதீர்கள், உள்விட்டத்தையும் அழுத்தத்தையும் கேளுங்கள். 125 மில்லிமீட்டர் என்றால் அதே அழுத்தத்தில் 21 டன்னுக்கு மேல் கிடைக்கும்.

ஆனால் என் மனத்தைத் திருப்பியது கணக்கு அல்ல. பட்டறையில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியபோது பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு மேல் உறை இல்லை. விநாடிக்கு ஒன்பது சுற்று. எங்கள் தொட்டியில் விறகு அடுக்குபவர்கள் நான்கு பெண்கள்; எல்லோரும் சேலை கட்டி, மேலே ஆண் சட்டை போட்டிருப்பார்கள். முந்தானை நுனி அதில் பட்டால், டிராக்டரில் இருப்பவர் கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உறை போட்டுத் தருகிறோம் என்றார்கள். மாட்டிக் கழற்றும் வேலையில் அந்த உறை எத்தனை மாதம் உடையாமல் நிற்கும்?

தனியாக நிற்கும் இயந்திரத்தையே வாங்கினேன். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார், 125 மில்லிமீட்டர் சிலிண்டர், இரண்டு நிலைப் பம்பு. கட்டை எளிதாக விலகிக் கொடுக்கும்வரை பம்பு நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும். இறுகியதும் தானே 10 லிட்டராகக் குறைந்து அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். அதனால்தான் சிறிய மோட்டாரே போதுகிறது. சுழலும் பாகம் மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் நீளம்தான், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய இரும்பு மூடி. முழுச் சுமையில் ஓடினாலும் மணிக்கு நாலரை யூனிட்டைத் தாண்டாது. மின்சாரம் தொட்டியின் வணிக இணைப்பிலிருந்து வருகிறது. மோட்டார் கொட்டகையின் இலவச இணைப்பிலிருந்து எடுக்கக் கூடாது.

இரண்டு கைகளும் லீவர்களில் இருந்தால்தான் ஆப்பு நகரும்படி கேட்டு வாங்கினேன். கட்டை வைப்பவரே லீவரையும் பிடிக்க வேண்டும், இரண்டாவது ஆள் கிட்டே வரக் கூடாது. ஹோஸில் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்க்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். ஊசித் துளை வழியே வரும் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டால் உடனே அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும்.

இரண்டு ஆள் சேர்ந்தும் தூக்க முடியாத பெருந்தூர்களை இன்னும் அறுத்துத்தான் கொண்டுவருகிறோம். அது இந்த இயந்திரத்தின் குறைதான்.

இந்த வாரம் கொழுந்தனார் சேற்றுழவுக்கு டிராக்டரோடு போயிருக்கிறார். காலையில் பெரியவர் லீவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, வேம்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு, புளியங்கட்டையை முதலில் எடுத்து வைத்தார்.