மாத்திரை அட்டையின் பின்பக்கம்

ஜூன் 3 (9வது வாரம்)

பேஸ்ட் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தேன். மூட்டுகளைப் பிடிக்கும் முடக்குவாதம் வந்து ஆறு வருஷம் ஆகிறது, விரல் இப்படி மடங்காமல் கிடந்ததில்லை. காரணம் தெரியும். கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்த அன்றே எல்லா மாத்திரையையும் டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, பயம்தான். "கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி, பிள்ளைக்கு ஆகாது" என்று அத்தையும் சொன்னதும், செய்தது சரிதான் என்று பட்டது.

ஜூன் 6

மூட்டு டாக்டரிடம் நல்ல டோஸ். "மெத்தோட்ரெக்சேட்டை மூணு மாசம் முன்னாடியே நிறுத்தச் சொன்னது நான். மிச்சத்தை யாரும்மா நிறுத்தச் சொன்னா?"

மெத்தோட்ரெக்சேட் கருவைக் கலைக்கும், ஊனப்படுத்தும். நான் நிறுத்திய ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் அப்படியில்லை, கர்ப்பத்திலும் தொடரலாம். நோயைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் குறைப்பிரசவம், எடைக் குறைவு என்று அதுவும் பிள்ளையைத்தான் போய்ப் பிடிக்குமாம். இது எனக்குத் தோன்றவே இல்லை. சல்ஃபாசலசின் ஃபோலிக் அமிலத்தை உடம்பில் சேரவிடாது என்பதால் ஃபோலிக் மாத்திரை 5 மி.கி. ஆகிவிட்டது. கூடவே பிரெட்னிசலோன் 5 மி.கி. ஸ்டீராய்டு என்றதும் முகம் மாறியிருக்கும் போல. அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே முறித்துவிடும், பிள்ளைக்குப் போவது கொஞ்சம்தான் என்றார்.

வலிக்குப் பாராசிட்டமால் 650 மட்டும். ஆறு மணி நேர இடைவெளி, தாங்காத நாளில் மட்டும், எனக்கு ஒரு நாளைக்கு நாலுதான் உச்சம். காலண்டரில் புள்ளி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 19 (20வது வாரம்)

ஸ்கேன் நார்மல். இந்த வாரம் புள்ளி மூன்றுதான்.

செப்டம்பர் 23 (25வது வாரம்)

குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், அதனால் என்னை விடமாட்டார்கள். 128 வந்தது. 140க்குக் கீழே என்றால் தப்பித்தேன்.

நவம்பர் 4 (31வது வாரம்)

நேற்று ராத்திரி மணிக்கட்டு வீங்கி, குழம்புக் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பாராசிட்டமால் தீர்ந்திருந்தது. இவர் மெடிக்கலுக்கு ஓடி ஒரு அட்டை வாங்கி வந்தார். "வலி மாத்திரைன்னேன், கொடுத்தாங்க. பாராசிட்டமால்தான், போட்டிருக்கு பாரு."

போட்டுத்தான் இருந்தது. பொடி எழுத்தில், அதற்கு மேல் வரியில் அசெக்ளோஃபெனாக் 100 மி.கி. என்றும் இருந்தது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாம் இதே குடும்பம். 20 வாரத்துக்குப் பிறகு இவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பனிக்குட நீரில் பெரும்பங்கு பிள்ளை பெய்யும் சிறுநீர்தான், அது குறைந்தால் நீரும் வற்றும். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது இதைத்தான். 30 வாரம் தாண்டினால் இன்னொரு ஆபத்து: பிறந்த பிறகு மூட வேண்டிய, பிள்ளையின் இதயத்தருகே உள்ள ரத்தக்குழாய் வயிற்றுக்குள்ளேயே மூடிக்கொள்ளலாம். வயிறு இவ்வளவு தெரிய நடக்கிற என்னை அனுப்பியிருந்தாலாவது கடைக்காரர் கேட்டிருப்பாரோ என்னவோ.

இவர் முகம் செத்துவிட்டது. அத்தை கல் உப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். விடியும்வரை மூன்று முறை வறுத்தார்.

நவம்பர் 25 (34வது வாரம்)

வீக்கம் வடிந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு வலி மறுபடி ஏறலாம் என்று டாக்டர் இப்போதே சொல்லிவிட்டார், பால் கொடுக்கும்போது எது போடலாம் என்ற பட்டியலை ஆஸ்பத்திரிப் பையில் வைத்திருக்கிறேன்.

மத்தியானம் அத்தை தன் முட்டிவலி மாத்திரை அட்டையை நீட்டினார். "இது எந்தக் குடும்பம்னு பாரு தாயி."

திருப்பிப் பார்த்தேன். அசெக்ளோஃபெனாக். அத்தை பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், இரண்டும் சேரலாமா என்று கேட்க வேண்டும். வியாழக்கிழமை என்னோடு அவருக்கும் டோக்கன் போடச் சொல்லியிருக்கிறேன்.